விழுவதற்கும் எழுவதற்கும் நடுவே: டோரிஸ் ஹம்ஃப்ரியின் நடனம்

படிக்கத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் சுவரோ மேசையோ இருக்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடுங்கள். ஆடாமல் அசையாமல் நிற்கப் பாருங்கள். முடியாது. கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வேலை செய்துகொண்டே இருக்கும். கால்விரல்கள் தரையைப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். சரி, இப்போது கண்ணைத் திறந்து, முதுகை வளைக்காமல், உடம்பு முழுவதையும் ஒரு பலகையைப் போல மெதுவாக முன்பக்கம் சாயவிடுங்கள். ஓர் அளவு வரை தாங்கும். அதைத் தாண்டியதும் உங்களைக் கேட்காமலே ஒரு கால் முன்னால் வந்து ஊன்றிக்கொள்ளும்.

நீங்கள் சாய்ந்தது, விழப்போனது, கால் வந்து காப்பாற்றியது. இந்த மூன்றையும் வைத்து ஒரு பெண் ஒரு நடன முறையையே கட்டி எழுப்பினார். அவர் பெயர் டோரிஸ் ஹம்ஃப்ரி. அவர் கண்டெடுத்த கொள்கையைத் தமிழில் ‘விழுதலும் மீள்தலும்’ என்று சொல்லலாம். அமெரிக்க நவீன நடனம் என்றாலே மார்த்தா கிரகாமின் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். கிரகாம் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு இணையாக நின்ற ஹம்ஃப்ரியை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. நடனம் கற்றிராத ஒருவருக்கு நவீன நடனத்தை விளக்க வேண்டுமானால் ஹம்ஃப்ரியிடமிருந்து தொடங்குவதுதான் எளிது. அவர் சொன்னதை நம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துவிடலாமே.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்த்துவிடுவோம். நாம் நிற்கும்போது உடம்பின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டை அந்த மையத்திலிருந்து தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு இரண்டு பாதங்களுக்குள் இருக்கும் இடத்தில் விழுந்தால் நிற்கிறோம். அதற்கு வெளியே போய்விட்டால் விழுகிறோம். நடப்பது என்றால் குண்டை வேண்டுமென்றே பாதத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, விழுந்து முடிப்பதற்குள் இன்னொரு பாதத்தை அதற்கடியில் கொண்டுபோய் வைப்பது. ஒவ்வோர் எட்டும் பாதியில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு விழுகை.

நடக்கப் பழகும் குழந்தையைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அந்த நடைக்குத் தமிழில் ‘தளர்நடை’ என்று ஓர் அழகான பெயர் உண்டு. குழந்தை முதலில் முன்னால் விழுகிறது, அப்புறம்தான் கால் ஓடிவருகிறது. பெரியவர்கள் ஆனபின் இதையே இவ்வளவு லாவகமாகச் செய்கிறோம், விழுகிறோம் என்பதே மறந்துபோகிறது. மறந்துபோன அந்த விழுகையைத்தான் ஹம்ஃப்ரி மேடைக்குக் கொண்டுவந்தார்.

அவர் 1895 அக்டோபர் 17 அன்று சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தார். அப்பா சிகாகோவில் ஒரு ஹோட்டலை நிர்வகித்தவர். நாடகக் குழுக்களின் நடிகர்கள் ஊருக்கு வந்தால் தங்கும் ஹோட்டல் அது. அம்மா முறையாகப் பயின்ற பியானோ கலைஞர். பள்ளியில் மேரி வுட் ஹின்மன் என்ற ஆசிரியை சிறுமியின் திறமையைக் கண்டுகொண்டு ஊக்கம் கொடுத்தார். பாலே, நாட்டுப்புற நடனம் என்று கிடைத்ததையெல்லாம் டோரிஸ் கற்றுக்கொண்டார். அந்த நேரத்தில் அப்பாவின் வேலை போய்விட்டது. 1913-ல், பதினெட்டு வயதுகூட நிறையாத நிலையில், டோரிஸ் ஓக் பார்க்கில் ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கினார். மகள் சொல்லிக்கொடுக்க, அம்மா பியானோ வாசித்துக் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொண்டார். குடும்பம் அந்த வருமானத்தில்தான் நடந்தது. மேடைக் கலைஞராக வருவதற்கு முன்பே அவர் ஆசிரியராகிவிட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றிலும் அந்த ஆசிரியர் இருக்கிறார்.

1917-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய் டெனிஷான் பள்ளியில் சேர்ந்தார். ரூத் செயிண்ட் டெனிஸ், டெட் ஷான் என்ற தம்பதி 1915-ல் நிறுவிய பள்ளி அது. இருவர் பெயரையும் ஒட்டவைத்துத்தான் டெனிஷான். அன்றைய அமெரிக்காவில் தீவிரமாக நடனம் ஆட விரும்பியவர்களுக்கு அதுவே பெரிய வாசல். மார்த்தா கிரகாமும் அங்கிருந்து வந்தவர்தான். ஹம்ஃப்ரி சீக்கிரமே முன்னணி ஆட்டக்காரராகவும் ஆசிரியராகவும் ஆனார். செயிண்ட் டெனிஸோடு சேர்ந்து புதிய நடனங்களை அமைக்கவும் செய்தார்.

டெனிஷான் மேடையில் எகிப்து, ஜப்பான், சயாம், இந்தியா என்று பல நாடுகள் வந்துபோகும். உடைகளும் ஒப்பனையும் ஜொலிக்கும். 1925, 26-ல் அந்தக் குழு ஜப்பான், சீனா, பர்மா, இந்தியா, இலங்கை, ஜாவா என்று ஆசியாவை நீண்ட நாள் சுற்றி ஆடியது. ஹம்ஃப்ரியும் கூடவே வந்தார். எந்த நாட்டு நடனங்களின் சாயலை இத்தனை காலம் ஆடிக்கொண்டிருந்தாரோ, அந்த நாடுகளையே நேரில் பார்த்தார். ஊர் திரும்பியவருக்குள் ஒரு கேள்வி வளர்ந்தது. ஜப்பானியராகவும் சயாமியராகவும் பர்மியராகவும் ஆடிவிட்டேன், ஓக் பார்க்கிலிருந்து வந்த நான் யாராக ஆடுவது? மற்றவர்களின் உடையைக் களைந்துவிட்டால் என் உடம்பு எப்படி அசையும்? என்னைக் கேட்டால், நவீன நடனம் முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்தது என்றே சொல்வேன்.

பள்ளியை நடத்தப் பணம் சேர்ப்பதற்காக செயிண்ட் டெனிஸும் ஷானும் கேளிக்கை நிகழ்ச்சிகளோடு ஊர் ஊராகப் போனார்கள். அதில் ஹம்ஃப்ரிக்கு விருப்பமில்லை. பள்ளியின் போக்கோடு வேறு சண்டைகளும் இருந்தன. 1928-ல் வெளியேறினார். கூடவே வந்தவர்கள் இருவர். ஒருவர் சார்லஸ் வைட்மன். இயல்பிலேயே நகைச்சுவை கொண்ட அருமையான ஆட்டக்காரர். மற்றவர் பாலின் லாரன்ஸ். பியானோ வாசிப்பார், உடை தைப்பார், ஒளியமைப்பைக் கவனிப்பார், வரவு செலவும் பார்ப்பார். இந்த மூவரும் நியூயார்க்கில் தொடங்கியதுதான் ஹம்ஃப்ரி–வைட்மன் குழு.

இந்தக் காலத்தில்தான் ஹம்ஃப்ரி கண்ணாடி முன்னால் நின்றார். நீங்கள் சற்று முன் செய்ததையே செய்தார். அசையாமல் நின்று, பிடியை விட்டு, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். சாயும்போது எது தானாக எழுந்து தடுக்கிறது? கை எந்தத் திசையில் வீசுகிறது? கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தால் என்ன ஆகிறது? சாய்வு கூடக் கூட, மீள்வதற்கான முயற்சியும் பெரிதாவதைக் கண்டார். சின்ன ஆபத்துக்குச் சின்ன அசைவு. பெரிய ஆபத்து என்றால் முழு உடம்பும் சுழன்று, தாவி, தரையில் புரண்டாவது மீள வேண்டும். நடனத்துக்கு வேண்டிய எல்லா அசைவும் இங்கேயே இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது.

இதை அவர் இரண்டு மரணங்களுக்கு நடுவிலுள்ள வளைவு என்று சொன்னார். கொஞ்சம் பயமுறுத்தும் சொல்லாக இருந்தாலும் பொருள் எளிதுதான். ஆடாமல் அசையாமல், துளி ஆபத்தும் இல்லாமல் நிமிர்ந்து நிற்பது ஒரு மரணம். தரையில் விழுந்து அப்படியே கிடப்பது இன்னொரு மரணம். இரண்டிலும் எதுவும் நடப்பதில்லை. இந்த முனையை விட்டு அந்த முனையை நோக்கி உடம்பு போகும்போதும், அங்கே போய்ச் சேராமல் திரும்பும்போதும்தான் உயிர் இருக்கிறது. ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சேயின் எழுத்தில் அவருக்கு ஈடுபாடு உண்டு. ஒழுங்கையும் நிதானத்தையும் விரும்பும் அப்போலோ ஒரு பக்கம், வெறியும் சாகசமும் கொண்ட டயோனைசஸ் மறுபக்கம் என்று இரண்டு கிரேக்கக் கடவுள்களை வைத்து நீட்சே பேசியதை அவர் உடம்புக்குள் கண்டார். பத்திரமாக நிற்கும் ஆசையும், விட்டுவிட்டுப் பாயும் ஆசையும் எல்லோருக்குள்ளும் இருக்கின்றன. நடனம் என்பது அந்த இரண்டின் இழுபறி.

இதில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல ஊஞ்சலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஊஞ்சல் வேகமாகக் கீழே வருகிறது, அந்த வேகத்திலேயே மறுபக்கம் மேலே ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் ஒரு கணம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தரத்தில் நிற்கிறது. வயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அந்தக் கணம். ஹம்ஃப்ரியின் நடனத்தில் விழுகை, மீட்சி, இந்த அந்தர நிலை மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும். விழும் வேகமே எழுவதற்கான விசையைக் கொடுக்கும். கீழே போகும்போது சேர்த்த விசையைச் செலவழித்துத்தான் மேலே போக முடியும். அதனால்தான் நன்றாக ஆடும் ஒருவர் எழுவதைப் பார்த்தால் சிரமமே தெரியாது. விழத் தெரியாதவர் எழும்போது மூச்சுமுட்டத் தசையால் தூக்கிக்கொண்டு எழுவார்.

விழுகை கிடைத்ததும் மற்றவை தாமாகவே வந்துவிடுகின்றன. தாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விழும் உடம்பு போகப் போக வேகம் பிடிக்கும், கால் ஊன்றும் இடத்தில் ‘தட்’ என்று ஓர் அழுத்தம் விழும், அப்புறம் மெல்லத் தளரும். வெளியிலிருந்து யாரும் தாளம் போட வேண்டியதில்லை. மூச்சும் அப்படியே. இழுக்கும்போது விலா விரிந்து உடம்பு எழும்புகிறது, விடும்போது தணிகிறது. கோலமும், அதாவது உடம்பு வெளியில் வரையும் வடிவமும், இதிலிருந்தே பிறக்கிறது. சாய்ந்த உடம்பு ஒருபோதும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்காது.

மற்ற நடனங்களோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பாலேவில் எடையை மறைக்கப் பார்ப்பார்கள். நுனிவிரலில் நின்று, பூமியே தம்மை இழுக்கவில்லை என்பதுபோல ஆடுவார்கள். நமக்குப் பழக்கமான பரதநாட்டியத்தில் எடையை மறைப்பதில்லை. அரைமண்டியில் உட்கார்ந்து பாதத்தைத் தட்டி ஆடுகிறோம். ஆனால் தூக்குக்குண்டு பெரும்பாலும் பாதங்களுக்கு நடுவிலேயே நிற்கும், அந்த நிலைத்தன்மையே அதன் அழகு. ஹம்ஃப்ரி குண்டை வெளியே எறிந்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்கிறார். கிரகாமின் முறையோ அடிவயிற்றைச் சுருக்கி விடுவதிலிருந்து பிறப்பது. அங்கே போராட்டம் உடம்புக்கு உள்ளே நடக்கிறது. ஹம்ஃப்ரியிடம் அது உடம்புக்கும் தரைக்கும் இடையில் நடக்கிறது.

படைப்புகளுக்கு வருவோம். 1928-ல் அவர் அமைத்த ‘வாட்டர் ஸ்டடி’ எனக்கு மிகவும் பிடித்தது. பெயரைப் போலவே அது நீரைப் பற்றியது. பெண்கள் கூட்டமாக மண்டியிட்டு, முகம் தரையை நோக்கி, முதுகு வளைந்து இருப்பார்கள். எந்தச் சத்தமும் இல்லை. ஒரு முதுகு மெல்ல எழும்பி அடங்கும், அடுத்தவரின் முதுகு அதை வாங்கிக்கொள்ளும், அப்புறம் அதற்கடுத்தவர். மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை சிற்றலை ஒன்று கடந்துபோகும். அது சிறுகச் சிறுகப் பெரிதாகும். எழுவார்கள், ஓடுவார்கள், எதிரெதிராகப் பாய்ந்து மோதுவதுபோல் வந்து சிதறுவார்கள். பேரலை உச்சிக்குப் போய்க் கவிழ்வதை உடம்புகளாலேயே காட்டுவார்கள். பிறகு எல்லாம் தணிந்து கடல் உள்வாங்கும்.

இந்த நடனத்துக்கு இசையே கிடையாது. பிறகு எப்படி எல்லோரும் ஒன்றாக ஆடுகிறார்கள்? ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்கிறார். பக்கத்தில் இருப்பவரின் அசைவைக் கடைக்கண்ணால் உணர்கிறார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. அலை எண்ணிக்கொண்டா வருகிறது? பார்ப்பவர்களுக்குக் கேட்பதெல்லாம் மூச்சும், பாதம் தரையில் படும் ஓசையும்தான். நூறு ஆண்டை நெருங்கும் ஒரு படைப்பு இன்றும் இவ்வளவு புதிதாக இருப்பது என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. அலை என்பதே விழுகையும் மீட்சியும்தானே. தன் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை அவர் தேடியிருக்க முடியாது.

1931-ல் இரண்டு முக்கியமான படைப்புகள் வந்தன. ஒன்று அவர் தனியாக ஆடிய ‘டூ எக்ஸ்டாடிக் தீம்ஸ்’. இரண்டு பாகம் கொண்டது. முதல் பாகத்தில் உடம்பு வட்ட வட்டமாகச் சுழன்று, பின்னால் வளைந்து, மெதுவாகத் தரைக்கு இறங்கும். இரண்டாம் பாகத்தில் கூர்மையான கோணங்களாக மேலே ஏறும். கொள்கையைப் பிரித்து இரண்டு கையில் எடுத்துக் காட்டியதுபோல இருக்கும்.

இன்னொன்று ‘தி ஷேக்கர்ஸ்’. ஷேக்கர் என்பது அமெரிக்காவில் இருந்த ஒரு கிறித்தவப் பிரிவு. ஆன் லீ என்ற பெண்ணின் தலைமையில் 1774-ல் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பிரம்மச்சரியம் அவர்களுடைய விதி. ஆணும் பெண்ணும் சமம், ஆனால் தனித்தனியாக வாழ வேண்டும். வழிபாட்டில் கைகளை உதறி உடம்பை நடுங்கவைப்பார்கள். பாவம் விரல்நுனி வழியாக வெளியேறிவிடும் என்று நம்பிக்கை. அதனால்தான் ‘உதறுகிறவர்கள்’ என்ற பெயரே வந்தது. ஹம்ஃப்ரி அந்த உதறலை அப்படியே எடுத்துக்கொண்டார். மேடையின் ஒரு பாதியில் ஆண்கள், மறுபாதியில் பெண்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. யாரும் அதைத் தாண்டுவதில்லை. மண்டியிட்டு ஆடத் தொடங்குபவர்கள் போகப் போக எழுந்து, சாய்ந்து, துள்ளி, ஆவேசத்தின் விளிம்புக்கே போய்விடுகிறார்கள். மேளம், அக்கார்டியன், வார்த்தையில்லாத ஒரு குரல், இடையிடையே கத்திச் சொல்லப்படும் சில வாக்கியங்கள் மட்டுமே துணை. கட்டுப்பாடும் ஆவேசமும் ஒரே உடம்பை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதை இதில் பார்க்கலாம். விழுதலும் மீள்தலும் வெறும் இயற்பியல் இல்லை, மனதின் நாடகமும்தான் என்பது இங்கே புரியும்.

பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்கா துவண்டிருந்த ஆண்டுகள் அவை. ஹம்ஃப்ரி 1932-ல் ஒரு கப்பல் பணியாளரை மணந்தார், மறு ஆண்டு மகன் பிறந்தான். குழுவை நடத்துவது, ஊர் ஊராகப் போவது, கைக்குழந்தை எல்லாம் ஒன்றாக. 1934-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரியில் மார்த்தா ஹில் என்ற நடன ஆசிரியை கோடைக்கால நடனப் பள்ளி ஒன்றைத் தொடங்கியதும் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. கிரகாம், ஹம்ஃப்ரி, வைட்மன், ஜெர்மனியிலிருந்து வந்த ஹான்யா ஹோம் ஆகிய நால்வரும் அங்கே கற்பித்தார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த உடற்கல்வி ஆசிரியைகள் கோடையில் அங்கே கற்றுக்கொண்டுபோய்த் தங்கள் கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் நவீன நடனம் நுழைந்த வழிகளில் முக்கியமானது இது.

1935, 36-ல் ‘நியூ டான்ஸ்’, ‘தியேட்டர் பீஸ்’, ‘வித் மை ரெட் ஃபயர்ஸ்’ என்று மூன்று படைப்புகளை ஒரு தொகுதியாக அமைத்தார். போட்டியில் ஒருவரை ஒருவர் மிதிக்கும் சமூகம் ஒன்றில். பிள்ளையை விட மறுக்கும் தாயின் கொடிய பாசம் இன்னொன்றில். ‘நியூ டான்ஸ்’ மட்டும் நம்பிக்கையின் பக்கம் நிற்கிறது. அதன் கடைசிப் பகுதியில் கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து தமக்கே உரிய முறையில் ஆடிவிட்டு மறுபடி கூட்டத்தில் கலப்பார்கள். தனிமனிதர் கரைந்துபோகாத கூட்டம் சாத்தியம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஒரே நட்சத்திரம், சுற்றிலும் துணை ஆட்டக்காரர்கள் என்ற ஏற்பாட்டில் அவருக்கு ஆர்வமே இல்லை. கூட்டத்தை ஆளவைப்பதில் அவரைப் போல் அந்தக் காலத்தில் யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

அப்புறம் இடுப்பு மூட்டு வாதம் வந்தது. வலி கூடிக்கொண்டே போனது. விழுவதையும் எழுவதையும் தன் உடம்பில் கண்டுபிடித்தவருக்கு, ஒரு காலில் எடையைப் போடுவதே வேதனையாகிவிட்டது. 1944-ல் ‘இன்க்வெஸ்ட்’ என்ற படைப்போடு மேடையில் ஆடுவதை நிறுத்தினார். வயது நாற்பத்தெட்டு. ஹம்ஃப்ரி–வைட்மன் குழுவும் அத்தோடு முடிவுக்கு வந்தது.

அவர் கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. அவருடைய மாணவர்களில் ஹோசே லிமோன் என்று ஒருவர். மெக்சிகோவின் கூலியகானில் 1908-ல் பிறந்தவர், ஓவியராக வேண்டும் என்று நியூயார்க் வந்தவர். ஒருநாள் ஒரு நடன நிகழ்ச்சியைப் பார்த்தார், தூரிகையை வைத்துவிட்டு ஹம்ஃப்ரியின் பள்ளியில் சேர்ந்தார். பத்தாண்டு அவரிடம் இருந்தார். போர்க்காலத்தில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியதும் சொந்தக் குழுவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் குழுவைத் தொடங்குகிறவரே எல்லாமாகவும் இருப்பார், தன்னை மற்றவர்கள் திருத்துவதை விரும்பமாட்டார். லிமோன் தன் ஆசிரியையையே கலை இயக்குநராக அழைத்துவந்து உட்காரவைத்தார். தன் நடனங்களைக் காட்டி எது சரியில்லை என்று கேட்டார். ஹம்ஃப்ரியும் தயங்காமல் சொன்னார். அந்தக் குழுவுக்காகவே அவர் புதிய படைப்புகளையும் செய்தார். காளைச் சண்டையில் இறந்த வீரனுக்கு ஸ்பானியக் கவிஞர் லோர்கா எழுதிய இரங்கற்பாவை வைத்து 1946-ல் ஒன்று, 1947-ல் ‘டே ஆன் எர்த்’. தன்னால் இனி விழ முடியாது என்றபோது, ஆறடி உயரமும் பெரிய உடம்பும் கொண்ட இன்னொருவரின் விழுகையை உட்கார்ந்த இடத்திலிருந்து செதுக்கினார்.

1951-ல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் மார்த்தா ஹில் நடனத் துறையைத் தொடங்கியபோது ஹம்ஃப்ரியும் அங்கே ஆசிரியரானார். நடனம் அமைப்பதைக் கற்பிப்பது அவருடைய வேலை. அதுவரை நடனம் ஆடக் கற்பிப்பார்கள், அமைப்பது பிறவித் திறமை, சொல்லிக்கொடுக்க முடியாது என்றே பலரும் நினைத்தார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. மேடையில் எந்த இடம் வலுவானது, எந்த இடம் பலவீனமானது என்று படம் போட்டுக் காட்டினார். ஒருவர் பின்மூலையிலிருந்து எதிர் முன்மூலைக்குக் குறுக்காக நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலையில் இருக்கும்போது வலு, கொஞ்சம் நகர்ந்ததும் மங்கல், மேடையின் நடுவுக்கு வரும்போது மறுபடி பெரும் வலு, அப்புறம் மங்கல், முன்மூலையில் மீண்டும் வலு. எதுவுமே செய்யாமல் நடந்தாலே இத்தனை நடக்கிறது. அடுத்த முறை எந்த மேடை நிகழ்ச்சிக்குப் போனாலும் இதைக் கவனித்துப் பாருங்கள், நாடகமானாலும் சரி.

இந்தப் பாடங்களையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். 1958 டிசம்பர் 29 அன்று நியூயார்க்கில் அவர் இறந்தார், நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. நடனம் அமைக்கிறவர்களுக்கு அதில் அவர் தரும் எச்சரிக்கைகள் கறாரானவை. இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருந்தால் உயிர் இருக்காது என்கிறார். எல்லா நடனங்களும் தேவைக்கு மேல் நீளமானவை என்கிறார். நல்ல முடிவு என்பது ஒரு நடனத்தில் நாற்பது சதவீதம், அதனால் முடிவைப் பற்றிக் கடைசியில் யோசிக்காதீர்கள் என்கிறார். பதினேழு வயதில் பள்ளி தொடங்கிய அந்தப் பெண்ணின் குரல் அது.

இன்று உலகின் பல ஊர்களில் லிமோன் முறை என்ற பெயரில் விழுதலும் மீள்தலும் பாடமாக நடக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கற்பது தலையின் எடையை உணர்வது. தலையைத் தொங்கவிட்டு, அதன் கனமே முதுகெலும்பைக் கணு கணுவாகக் கீழே இழுக்க விடுவார்கள். கையை ஊஞ்சலைப் போல வீசி, அது தானே திரும்பி வரக் காத்திருப்பார்கள். தரையில் விழுவது வெகுநாள் கழித்துத்தான். அதிலும் தொப்பென்று விழுவதில்லை. முழங்காலோ முழங்கையோ முதலில் மோதாமல், உடம்பு பக்கவாட்டில் சுருண்டு, சதைப்பிடிப்பான பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் படிய வேண்டும். ஆசிரியர் இல்லாமல் வீட்டில் இதை முயல வேண்டாம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன சாய்வு போதும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹம்ஃப்ரியின் சில படைப்புகள் நடனக் குறியீட்டில் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. ரூடால்ஃப் லாபன் உருவாக்கிய குறியீடு அது. இசைக்கு ஸ்வரக் குறிப்பு போல நடனத்துக்கு. அதைப் படித்துத்தான் இன்றும் மாணவர்கள் அவற்றை மேடையேற்றுகிறார்கள். முதலில் ‘வாட்டர் ஸ்டடி’யைப் பாருங்கள். கையையும் முகத்தையும் விட்டுவிட்டு இடுப்பைக் கவனியுங்கள், எடை எங்கே போகிறது என்பது அங்கேதான் தெரியும். அடுத்து ‘தி ஷேக்கர்ஸ்’. பழகிய பிறகு ‘டே ஆன் எர்த்’.

அதில் நான்கு பேர்தான். ஓர் ஆண், இளமையில் அவன் நேசித்த ஒரு பெண், அவன் மனைவி, ஒரு குழந்தை. ஆண் நிலத்தில் வேலை செய்கிறான். முதல் காதல் வந்து போகிறது. திருமணம், குழந்தை, இழப்பு, மறுபடி வேலை. ஏரோன் கோப்லாண்டின் பியானோ இசையில் ஒரு மனித வாழ்க்கை கடந்துபோகிறது. கடைசியில் பெரியவர்கள் மூவரும் படுத்துவிடுகிறார்கள், துணி அவர்களை மூடுகிறது. குழந்தை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.